நம்பர் கொடுக்காவிட்டால் பில் வராதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை கேள்வி அனுப்பியவர்களின் பெயர்கள் இல்லை, ஊர் மட்டும்தான் இருக்கிறது. சொந்த விவரங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று கேட்டு எழுதிய ஒரு வாசகி, கடிதத்தின் அடியில் "தயவுசெய்து என் பெயரைப் போட்டுவிடாதீர்கள், கேட்டதே அதைப் பற்றித்தானே" என்று எழுதியிருந்தார். நியாயம்தான் என்று தோன்றியது. எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டோம். தன் பெயர் அச்சில் வந்திருக்கிறதா என்று ஆசையாகப் பக்கத்தைப் புரட்டியவர்கள் மன்னிக்கவும்.

ஜவுளிக்கடையில் 340 ரூபாய்க்கு ஒரு பாவாடை வாங்கினேன். போன் நம்பர் சொன்னால்தான் பில் வரும் என்றாள் பில் போடும் பெண். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலத்திலிருந்து ஒரே மெசேஜ். நம்பர் கொடுத்தே ஆக வேண்டுமா? – திண்டுக்கல்

வேண்டியதில்லை. பில் போடுவதற்கு செல்போன் எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது, அது நியாயமற்ற வணிக முறை என்று 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிக அமைப்புகளுக்குச் சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி. கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியாது, கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் திட்டுவார் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் அந்தப் பெண்ணிடம் சட்டம் பேசாதீர்கள். "நம்பர் கொடுக்கிறதில்லைம்மா" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பணத்தை நீட்டுங்கள், அப்புறம் பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனம்தான் கஷ்டம், பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுவார், பரவாயில்லை. ஒரு கடையில் "சிஸ்டம் எடுக்காது சார்" என்று மூன்று முறை சொன்ன பெண், நான் நகராமல் நின்றதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 9 என்ற பட்டனைப் பத்து முறை தட்டினாள். பில் வந்தது. அதே சிஸ்டம்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வாய்க்கு வந்த பத்து எண்ணைச் சொல்லாதீர்கள். அது யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கும், உங்கள் ஆடித் தள்ளுபடி மெசேஜ் எல்லாம் அந்தப் பாவப்பட்ட மனிதருக்குப் போகும்.

ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே என்றால், 1909-க்கு போன் செய்து விளம்பரம் வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் ஏழு நாட்களுக்குள் அதே எண்ணில் புகார் செய்யலாம். முழுக்க நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். நீங்களே வாயால் சொன்ன நம்பர் ஆயிற்றே, "கஸ்டமர் சம்மதம் இருக்கிறது" என்று கடைக்காரர் வாதாடுவார். எனக்குக் குறைந்தது, அவ்வளவுதான்.

லாட்ஜ், கல்யாண மண்டபம், பேரனின் பள்ளிக்கூடம், கூரியர் ஆபீஸ் என்று போகிற இடத்தில் எல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கைப்பையில் எப்போதும் பத்துக் காப்பி வைத்திருக்கிறேன். இதில் ஏதும் ஆபத்து உண்டா? – தஞ்சாவூர் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

ஐயா, பதிலுக்கு முன்னால் ஒரு பஜ்ஜிக் கதை. போன வருடம் ஒரு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். பாதி தின்ற பிறகுதான் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஆதார் ஜெராக்ஸ். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவின் முகம், கணவர் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு, அடியில் கோணலாக ஒரு கையெழுத்து. பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி இரண்டின் மேல் மட்டும் எண்ணெய் பரவியிருந்தது, மற்ற பத்தும் பளிச்சென்று தெரிந்தன. யாரோ எதற்கோ வாங்கி, ஃபைலில் கோத்து வைத்து, வருடம் கழிந்ததும் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். என் கையில் இருந்ததைச் சுக்கலாகக் கிழித்தேன். கடைக்காரரின் தட்டுக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு கட்டு இருந்தது, அதை என்ன செய்ய?

ஹேக்கர், சர்வர் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் கண்ணால் பார்த்த கசிவு அந்த பஜ்ஜிதான்.

இதில் அரசே குழம்பியது ஒரு தனிக் கதை. 2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தக்கூடும், உரிமம் இல்லாத தனியார், அதாவது லாட்ஜும் தியேட்டரும், நகல் வாங்கி வைத்துக்கொள்ள அனுமதியே இல்லை என்றது அது. இத்தனை வருடம் கொடுத்துத் தள்ளியவர்கள் எல்லாம் தலையில் கைவைத்தார்கள். இரண்டே நாளில் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மக்கள் வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றார்கள். எது வழக்கமான எச்சரிக்கை என்பதை நம்மிடமே விட்டுவிட்டார்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். லாட்ஜில் டிரைவிங் லைசென்ஸ் அல்லது வாக்காளர் அட்டையை நீட்டுவேன், அவர்களுக்குத் தேவை ஓர் அடையாளம், அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுப்பேன். ஆணையத்தின் இணையதளத்தில் தரவிறக்கம் செய்யும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்தால் முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். எந்த நகலானாலும் அதன் மேல் குறுக்காக "இன்ன இடத்தில் இன்ன தேதியில் தங்குவதற்கு மட்டும்" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அது மந்திரம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தத் தாளை வைத்து வேறு ஓர் இடத்தில் வேலை முடிப்பது கஷ்டம். பையில் இருக்கும் பத்துக் காப்பியிலும் இன்றைக்கே எழுத முடியாது, எங்கே கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரியாதே. அதனால் அதை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள்.

பேரனின் பள்ளிக்கு வருவோம். 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை, சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. பான் கார்டோடு இணைப்பது, அரசு மானியம் வாங்குவது, இந்த இரண்டும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மானியத்துக்குக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அங்கே போய் வீம்பு பிடித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

கைரேகை இன்னும் பெரிய விஷயம். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால், கிராமங்களில் கையடக்க மெஷினில் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் அல்லவா, அதில் ஓடிபி கிடையாது. ஹரியானாவில் நிலப் பத்திரங்களின் இணையதளத்திலிருந்து கைரேகைகளை எடுத்து, போலி ரேகை செய்து, பத்திரக்காரர்களின் கணக்கிலிருந்து பணம் எடுத்த கும்பல் பிடிபட்டது. தெலங்கானாவிலும் பதிவு ஆவணத்தில் இருந்த ரேகையை வைத்து சிம் கார்டு வாங்கியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், கட்டைவிரலை எப்படி மாற்றுவது? அதனால் எம்-ஆதார் செயலியிலோ ஆணையத்தின் தளத்திலோ 'பயோமெட்ரிக் லாக்' போட்டு வையுங்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கப் போகிற அன்று கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு வரிசையில் நின்று "சர்வர் டவுன்" என்று கடைக்காரரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஜெராக்ஸ் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் எல்லோரும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப் அனுப்பிப் பிரின்ட் எடுக்கிறோம். அடுத்த முறை அவர் கம்ப்யூட்டரில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரைத் திறக்கும்போது எட்டிப் பாருங்கள், தெருவில் பாதிப் பேருடைய பான் கார்டும் சம்பளச் சீட்டும் அங்கேதான் இருக்கும். உங்கள் போனில் மெசேஜை அழித்தாலும் அந்தக் காப்பி போகாது. பிரின்ட் வாங்கியதும் "அண்ணே, அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்" என்று கேளுங்கள். எங்கள் தெருக் கடைக்காரர் முதல் முறை என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது நான் கேட்காமலே அழிக்கிறார்.

ஹாஸ்டலில் நண்பனிடம் ட்ரெக்கிங் ஷூ வாங்க வேண்டும் என்று சும்மா பேசினேன். தேடக்கூட இல்லை. பத்து நிமிடத்தில் ஷூ விளம்பரம் வருகிறது. போன் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறதா? – கோயம்புத்தூர்

தம்பி, இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பிய செயலி ஒன்றும் சிக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று சிக்கியது. சில செயலிகள் நாம் திரையில் செய்வதை அப்படியே படமாகப் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. காதைத் தேடப் போய்க் கண் கிடைத்த கதை. அதற்காக மைக் பரமசாது என்றும் சொல்ல முடியாது. ஆப்பிள் போனின் குரல் உதவியாளரான 'சிரி' கூப்பிடாமலே விழித்துக்கொண்டு வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தது என்ற வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி டாலர் தருவதாக ஆப்பிள் 2025 ஜனவரியில் சமரசத்துக்கு வந்தது.

உன் ஷூ கதைக்கு மைக் தேவையே இல்லை. நீ தேடவில்லை, சரி. உன் நண்பன் தேடியிருப்பான். இரண்டு போனும் தினமும் ராத்திரி ஒரே அறையில், ஒரே வைஃபையில் கிடக்கின்றன, ஒருவன் போனில் இன்னொருவன் நம்பர் இருக்கிறது. ஒருவனுக்கு மலையேற ஆசை வந்தால் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் வரும் என்று கணக்குப் போட ஒட்டுக் கேட்க வேண்டுமா என்ன? இன்னொன்று, நேற்று நீ பேசிய இருபது விஷயத்துக்கு விளம்பரம் வராததை நீ கவனித்திருக்க மாட்டாய். ஜோசியர் சொன்னதில் பலித்ததை மட்டும் ஊர் முழுக்கச் சொல்வோமே, அந்த மாதிரி.

நம் விவரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, நண்பர்கள் கொடுத்தாலே போதும். ஒரு வினாடி வினா செயலி வழியாக ஃபேஸ்புக்காரர்களின் விவரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரம் 2018-ல் வெடித்தபோது ஃபேஸ்புக் சொன்ன கணக்கு இது: அந்த வினாடி வினா செயலியை இந்தியாவில் போட்டவர்கள் 335 பேர். அவர்களுடைய நட்பு வட்டம் வழியாக விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர்.

செய்ய வேண்டியது அரைமணி நேர வேலை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் ஆட்ஸ் என்று போனால் உன் விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம். ஐபோனில் 'ட்ராக்கிங்' அனுமதியை மொத்தமாக மூடலாம். கூகுள் கணக்கில் தேடல், யூடியூப், நீ போய்வந்த இடம் எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாக அழியும்படி வைக்கலாம். அப்புறம் செயலிகளின் அனுமதிப் பட்டியலைத் திற. டார்ச் லைட்டுக்கு எதற்கு உன் சித்தப்பா நம்பர்?

என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா? – விழுப்புரம்

முடியும். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் உங்கள் நம்பரையும் ஓடிபியையும் போட்டால் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 வரை இருக்கலாம். உங்களுடையது அல்லாதது இருந்தால் அங்கேயே "என் நம்பர் இல்லை" என்று குறிக்கலாம். பார்த்துவிடுங்கள், ஒரு காலத்தில் ரோட்டோரம் குடையை விரித்து சிம் விற்றவர்களிடம் நாம் கொடுத்த ஜெராக்ஸ்கள் எத்தனை! இதே சஞ்சார் சாத்தியைச் செயலியாகப் புதுப் போன்கள் அத்தனையிலும் முன்கூட்டியே போட்டு அனுப்ப வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் நிறுவனங்களுக்கு உத்தரவு போனது, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். சேவை நல்லதுதான், அதை என் போனில் நான் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் போட்டு அனுப்பாதீர்கள் என்பதுதான் பலரும் சொன்னது. செயலி இல்லாமல் இணையதளத்திலேயே இந்த வேலை முடியும்.

தம்பி மகன் ஏதோ செயலியில் 5,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டான். கட்டத் தாமதமானதும் அவன் போனில் இருக்கும் எல்லோருக்கும், எனக்கும்கூட, அவன் படத்தை அசிங்கமாக ஒட்டி மெசேஜ் அனுப்புகிறார்கள். அவமானமாக இருக்கிறது. – சேலம்

முதலில் அந்தப் பையனைத் திட்டுவதை நிறுத்துங்கள், வீட்டில் யாராவது ஒருவர் அவன் கூடவே இருங்கள். இந்த மிரட்டலுக்குப் பயந்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். 5,000 ரூபாய்க்கு அது நடக்கக் கூடாது.

அடுத்து, அந்தப் பணத்தைக் கட்டினால் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம், கட்டியவர்களிடம் இன்னும் கேட்டிருக்கிறார்கள். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், சைபர் குற்றப் பிரிவில் புகார் எழுதிக் கொடுங்கள். கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்கள், கால் விவரம், படங்கள் எதையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. நம்பர் பட்டியலைக் கேட்கும் கடன் செயலி என்றாலே அது திருட்டுச் செயலி என்று வைத்துக்கொள்ளலாம். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்: "இவன் போன் விவரம் திருடு போய்விட்டது, படம் ஏதாவது வந்தால் நம்பாதீர்கள், அழித்துவிடுங்கள்." அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் வெட்கம்தான். நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அது மொக்கையாகிவிடும்.

இந்தப் பையன் மட்டுமில்லை, எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் உள்பட நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். நம் பான் எண்ணில் நமக்கே தெரியாத கடன் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

எங்கள் அடுக்ககத்துக்கு வருகிறவர்களிடம் கேட்டில் போன் நம்பரும் போட்டோவும் எடுக்கிறார்கள். இது சரியா? – சென்னை

பாதுகாப்புக்கு யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டும், அது சரி. அந்தப் படம் எத்தனை நாள், யாருடைய சர்வரில் இருக்கும் என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். முப்பது நாளில் அழிக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் போட்டோவும் ஆதாரும் கேட்டு வாங்கி, அவர் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதை எல்லா வீட்டுக்காரர்களும் போனில் பார்க்கிறார்களே, அதையும் பேசுங்கள். நம் விவரத்துக்குத்தான் பதறுகிறோம், அவருக்கும் விவரம் என்று ஒன்று உண்டு.

நேர்மையாக வியாபாரம் செய்கிறேன், வரி கட்டுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அரசு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே, தப்பு செய்கிறவன்தானே பயப்பட வேண்டும்? – மதுரை

அண்ணே, உங்கள் வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது? எந்த பீரோவில்? அதை இந்தப் பத்திரிகையில் போட்டுவிடவா? பவுன் வைத்திருப்பது தப்பில்லை, சாவிக்கொத்தைத் திண்ணையில் மாட்டி வைக்கிற வழக்கமும் நமக்கு இல்லை. மறைப்பது வேறு, பத்திரப்படுத்துவது வேறு.

வாங்குகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். அவரால் காப்பாற்ற முடிகிறதா? 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ அறிக்கைகளும் கிளெய்ம் தாள்களும் டெலிகிராமில் கேட்டவருக்குக் கிடைத்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் பெருமையடித்தான், நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. அதே வருடம் மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் நுழைந்தான். போலீஸ் கணினிக்கே இந்த நிலை.

உங்களைப் போலவே நேர்மையான ஒரு மனிதர்தான் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-ல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. மறைக்க அவரிடம் என்ன இருந்திருக்கும், சொல்லுங்கள்? அந்தரங்கம் என்று ஓர் அடிப்படை உரிமை அரசியல் சட்டத்தில் கிடையாது என்றே மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அது உண்டு என்றார்கள். அந்தத் தீர்ப்பின் பலன் கோர்ட்டோடு நிற்கவில்லை. ஒரு லஞ்ச வழக்கு விசாரணைக்காக 2011-ல் ஒருவருடைய போனை ஒட்டுக் கேட்க உள்துறை போட்ட உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசர நிலை, பொதுமக்கள் பாதுகாப்பு என்ற இரண்டு காரணத்துக்குத்தான் சட்டம் அனுமதிக்கிறது, குற்றத்தைக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது என்றது. அந்த மனிதர் தப்பு செய்தாரா இல்லையா என்பது வேறு வழக்கு. கேட்டவர்கள் சட்டப்படி கேட்டார்களா என்பது இந்த வழக்கு.

தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதாமே, இனி கவலை இல்லைதானே? – நாகர்கோவில்

பாதி வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று, அந்த விதிகளிலும் நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. குழந்தைக்குப் பெயர் வைத்து நாலு வருடம் கழித்துத் தொட்டில் வாங்குகிற கதை.

நல்லது என்னவென்றால், எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று நிறுவனம் தெளிவாகச் சொல்ல வேண்டும், அதைத் தமிழிலும் படிக்கிற வசதி இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். விவரம் கசிந்தால் நமக்குச் சொல்லியாக வேண்டும். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

உறுத்துவது என்னவென்றால், அந்த 250 கோடியில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கிடையாது, எல்லாம் அரசு கஜானாவுக்கு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி எந்த அரசு அமைப்பையும் இந்தச் சட்டத்திலிருந்து மத்திய அரசு விலக்கிவிடலாம். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். கம்பெனிக்கு அவகாசம் கொடுத்தவர்கள் ஒரு வேலையை மட்டும் உடனே முடித்தார்கள். விதிகள் வந்த கையோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தி, 'தனிநபர் தகவல்' என்றால் கொடுக்க மாட்டோம் என்று அதிகாரி சொல்வதைச் சுலபமாக்கிவிட்டார்கள். நம்மைப் பார்க்க அவர்களுக்கு ஜன்னல், அவர்களைப் பார்க்க நமக்குச் சுவர். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகமும் பயோடேட்டாவும் ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறேன். மகள் சத்தம் போடுகிறாள். இதில் என்ன தப்பு? – காரைக்குடி

உங்கள் மகள் பக்கம்தான் நான் நிற்பேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தாளில் என்ன போட்டிருப்பீர்கள் என்று சொல்லட்டுமா? பெண்ணின் முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், படிப்பு, வேலை பார்க்கும் கம்பெனி, சம்பளம், அப்பா அம்மா பெயர், வீட்டு முகவரி, சொந்த வீடா வாடகையா, எத்தனை பவுன் போடுவோம், இரண்டு போன் நம்பர், மூன்று படம். ஒருவருடைய விவரத்தைத் திருட எத்தனையோ பேர் எவ்வளவோ பாடுபடுகிறார்கள், நீங்கள் பிள்ளையார் சுழி போட்டு அனுப்பிவைத்திருக்கிறீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆணையத்தின் தளத்திலிருந்து தரவிறக்கும் ஆதார் பிடிஎஃப் இருக்கிறதே, அதைத் திறக்கும் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். வங்கிகள் அனுப்பும் ஸ்டேட்மென்ட் பலவற்றுக்கும் பெயர், பிறந்த தேதி என்று இதே மாதிரி ஏதோ ஒரு கூட்டணிதான். சாவியைத்தான் ஏழெட்டு குழுக்களில் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குழுக்களில் வரன் தேடுகிறவர்களை விடத் தரகர்கள் அதிகம், அவர்களில் யார் யார் அதை எந்தக் குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த பிறகும் "பொண்ணுக்குப் பார்த்துட்டீங்களா?" என்று போன் வருகிற வீடு எனக்குத் தெரியும்.

இனிமேல் இரண்டு தாள் வையுங்கள். குழுவில் போடும் தாளில் வயது, படிப்பு, ராசி, நட்சத்திரம், ஊர், உங்கள் நம்பர் ஒன்று, அவ்வளவு போதும். மகள் நம்பர் வேண்டாம், படம் வேண்டாம், கம்பெனி பெயர் வேண்டாம், பவுன் கணக்கு வேண்டவே வேண்டாம். ராசி, நட்சத்திரம் ஒத்துவந்து, யார் எவர் என்று விசாரித்து, இரண்டு பக்கமும் போனில் பேசின பிறகு மற்றதைக் கொடுங்கள். எதைக் கொடுப்பது என்று மகளிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், அது அவள் விவரம். பிறந்த தேதியும் நேரமும் இல்லாமல் கட்டம் கணிக்க முடியாது என்று ஜோசியர் சொல்வார், அதுவும் சரிதான். அவரிடம் நேரில் போய் வாயால் சொல்லுங்கள், தட்சணை வைக்கும்போது அவர் எழுதின சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.